சாதாப் பெட்ரோலா, பிரீமியம் பெட்ரோலா?

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையும் பைபாஸ் சாலையும் கூடுகின்ற முனைக்குக் காளவாசல் என்று பெயர். நம் தென் மாவட்டங்களில் செங்கற்சூளையைக் காளவாசல் என்றே மக்கள் வழங்குவர். இன்று அம்முனையில் நாம் காண்பது மேம்பாலமும் கடைவீதியும் ஓயாத வண்டிப் போக்குவரத்துமே. ஆயினும் நெருப்பு அவ்விடத்தை விட்டுப் போய்விடவில்லை. அங்கே கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டியின் எஞ்சினுக்குள்ளும் ஒரு சிறு சூளை எரிந்துகொண்டேதான் இருக்கின்றது.

நீங்கள் புதிதாக ஓர் எஸ்.யு.வி. வண்டி வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் போடிமெட்டு வழியே மூணாறு செல்லப் புறப்படுகிறீர்கள். காளவாசல் அருகே ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துகிறீர்கள். "சார், நார்மல் போடவா, பவர் போடவா?" என்று பணியாளர் கேட்கின்றார். பின் இருக்கையில் இருந்து உங்கள் மாமனார், "புது வண்டி மாப்பிள்ளை, நல்ல பெட்ரோலாப் பார்த்துப் போடுங்க" என்கின்றார். லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அது கூடுதல்தான். என்ன விடை சொல்வீர்கள்?

வண்டி டீசலில் ஓடுவதாயின் இக்கேள்வியே எழாது. டீசல் எஞ்சினின் இயல்பு வேறு. அதற்குரிய எண்ணும் வேறு. பெட்ரோல் வண்டி வைத்திருப்போர் சரியான விடை காண வேண்டுமாயின், முதலில் எஞ்சினுக்குள் எரியும் அந்தச் சிறு சூளையை எட்டிப் பார்க்க வேண்டும்.

சிலிண்டருக்குள் நடப்பது என்ன?

ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ 1876ஆம் ஆண்டில் நான்கு வீச்சு எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். இன்றைய பெட்ரோல் வண்டிகளின் எஞ்சின்களும் அந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன. முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கின்றது. இரண்டாம் வீச்சில் மேலே ஏறி அக்கலவையை அழுத்துகின்றது. அழுத்தம் உச்சத்தை நெருங்கும் வேளையில் ஸ்பார்க் பிளக் தீப்பொறியைத் தெறிக்கின்றது. கலவை எரிந்து விரிந்து, மூன்றாம் வீச்சில் பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. நான்காம் வீச்சில் புகை வெளியேறுகின்றது. வண்டியை ஓட்டும் ஆற்றல் முழுதும் அந்த மூன்றாம் வீச்சிலிருந்து கிடைப்பதேயாகும்.

கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகின்றது என்பதை அழுத்த விகிதம் என்பர். 500 கன சென்டிமீட்டர் கலவை 50 கன சென்டிமீட்டராகச் சுருங்கினால் அழுத்த விகிதம் 10 ஆகும். பழைய அம்பாசடர் போன்ற கார்களில் இவ்விகிதம் ஏழெட்டு அளவிலேயே இருந்தது. இன்றைய எஞ்சின்களில் பத்து, பன்னிரண்டு என்று உயர்ந்துள்ளது. நன்றாக அழுத்திய கலவை நன்றாக விரிகின்றது. ஆகவே அதே அளவு பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலையைப் பெற முடிகின்றது. எஞ்சின் வடிவமைப்போர் அழுத்த விகிதத்தை உயர்த்த விரும்புவதற்கு இதுவே காரணம்.

ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. சைக்கிளுக்குக் கைப்பம்பினால் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அழுத்தப்படும் வாயு சூடாகும் என்பது இயற்பியலின் விதி. வெயில் நாளில் 40 டிகிரி செல்சியசில் உள்ளே நுழையும் காற்றைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 430 டிகிரியைத் தொடும். அழுத்த விகிதம் 12 ஆனால் இது ஏறத்தாழ 475 டிகிரியாக உயரும். தீப்பொறி தெறிப்பதற்கு முன்னரே நிலைமை இதுவாகும்!

தட்டல் என்னும் கேடு

செங்கற்சூளையில் தீயை எவ்வாறு நடத்துகின்றார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கீழே மூட்டிய தீ, அடுக்கடுக்காக மேலே ஏறிச் செல்ல வேண்டும். அவசரப்பட்டு எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் கொழுந்துவிட்டெரிந்தால் கற்கள் வெடித்துப் பாழாகிவிடும். எஞ்சினுக்குள்ளும் இதே ஒழுங்கு வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் அருகே தோன்றும் தீ, அலைபோலப் பரவி, மறுகோடியை அடைய வேண்டும். சூளைக்குப் பல நாள். எஞ்சினுக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. வேறுபாடு அவ்வளவே. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இவ்வாறு தீ மூண்டு அணைகின்றது.

தீயலை பரவும்போது, அதற்கு முன்னால் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை மேலும் நெருக்கப்படுகின்றது, மேலும் சூடாகின்றது. பெட்ரோல் இதைத் தாங்காவிட்டால், தீயலை வந்து சேரும் முன்னரே அந்த எஞ்சிய கலவை தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அழுத்த அலைகள் சிலிண்டரின் சுவர்களில் மோதி, நொடிக்கு ஆறாயிரம் ஏழாயிரம் அதிர்வுகளை எழுப்பும். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை கேட்கும். மெக்கானிக்குகள் இதனை 'நாக்கிங்' என்பர். நாம் தட்டல் எனக் குறிப்பிடுவோம்.

தட்டல் வெறும் ஓசையன்று. சிலிண்டர்ச் சுவரையும் பிஸ்டன் தலையையும் ஒட்டி ஒரு மெல்லிய வாயுப்படலம் போர்வைபோல நின்று, தீயின் கடும் வெப்பத்திலிருந்து அவற்றைக் காக்கின்றது. தட்டலின் அலைகள் அப்போர்வையைக் கலைத்துவிடுகின்றன. வெப்பம் நேரே உலோகத்தைத் தாக்குகின்றது. தட்டல் கடுமையாக நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு அரிபடும், வளையங்கள் முறியும், சில வேளைகளில் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழுந்துவிடும்.

ஆக்டேன் எண் பிறந்த கதை

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் எஞ்சின் அறிஞர்களை வாட்டிய பெரும் சிக்கல் இத்தட்டலே. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும், அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங், தாமஸ் மிட்ஜ்லி ஆகியோரும் இதனை ஆராய்ந்தனர். குறை எஞ்சினில் மட்டும் இல்லை. எரிபொருளுக்கு எரிபொருள் தட்டலைத் தாங்கும் திறன் மாறுபடுகின்றது என்பது தெளிவாயிற்று. அத்திறனை அளக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. கிரகாம் எட்கர் என்ற வேதியியலார் 1926ஆம் ஆண்டில் அதனை வகுத்துத் தந்தார்.

அவர் இரு திரவங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று ஹெப்டேன். இதன் மூலக்கூறில் ஏழு கார்பன் அணுக்கள் ஒரே நேர்ச் சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன. இது வெப்பத்தில் எளிதில் உடைந்து, சட்டெனப் பற்றிக்கொள்ளும். மிக மோசமாகத் தட்டும். இதற்குச் சுழி மதிப்பெண். மற்றொன்று ஐசோ ஆக்டேன். எட்டுக் கார்பன் அணுக்களைக் கொண்ட இதன் மூலக்கூறு, கிளைகள் விட்டு நெருக்கமாகத் திரண்டு நிற்பது. வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்துக்கொண்டு, தீயலை வரும்வரை காத்திருக்கும். இதற்கு 100 மதிப்பெண்.

ஒரு பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 என்றால், அதில் ஐசோ ஆக்டேன் 91 விழுக்காடு இருக்கின்றது என்று பொருளன்று. அழுத்த விகிதத்தை மாற்றத்தக்க ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் அப்பெட்ரோலை எரிக்கும்போது, 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வாறு தட்டுமோ அவ்வாறே அதுவும் தட்டுகின்றது என்று பொருள்.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனியுங்கள். ஒரு கிலோகிராம் ஹெப்டேனை எரித்தாலும், ஒரு கிலோகிராம் ஐசோ ஆக்டேனை எரித்தாலும், கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே. 44 மெகா ஜூல் அளவு. சுழி மதிப்பெண் பெற்றதும் நூறு மதிப்பெண் பெற்றதும் வெப்பத்தில் சமம்! ஆகவே ஆக்டேன் எண் பெட்ரோலின் வலிமையை அளப்பதன்று. அதன் பொறுமையை அளப்பதாகும். 'பவர்' என்பது ஒரு நிறுவனம் தன் பிரீமியம் பெட்ரோலுக்கு இட்ட வணிகப்பெயர். பேச்சுவழக்கில் அது எல்லாப் பிரீமியத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அப்பெயரைக் கேட்டு, லிட்டருக்குக் கூடுதல் ஆற்றல் அடைபட்டிருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் இருக்கும் உறவினர், "எங்கள் ஊரில் சாதாப் பெட்ரோலே 87தான்" என்று சொல்லக்கூடும். அது தரம் குறைந்தது என்று பொருளில்லை. ஆக்டேன் எண்ணை இருவகைச் சோதனைகளால் அளக்கின்றனர். நிமிடத்திற்கு 600 சுற்றில் மிதமான நிலையில் அளப்பது ஒன்று, இதனை ஆர்.ஓ.என். என்பர். 900 சுற்றில் கூடுதல் வெப்பத்தில் அளப்பது மற்றொன்று. அதில் எண் குறைவாகவே வரும். இந்தியாவில் முதல் எண்ணைக் குறிக்கின்றனர். அமெரிக்காவில் இரண்டின் சராசரியைக் குறிக்கின்றனர். அவர்களுடைய 87, நம் கணக்கில் 91 அல்லது 92 ஆகும்.

ஈயம் தந்த பாடம்

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த அளவில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் எண் மிகக் குறைவு. அதனை உயர்த்த ஒரு மலிவான வழியை மிட்ஜ்லி 1921ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டார். டெட்ரா எத்தில் ஈயம் என்ற சேர்மத்தைச் சிறிதளவு கலந்தாலே தட்டல் அடங்கிவிட்டது. 1923 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, நியூ ஜெர்சியில் அச்சேர்மத்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர் ஐவர் ஈய நஞ்சினால் சித்தம் கலங்கி மாண்டனர். ஆயினும் விற்பனை தொடர்ந்தது. உலகெங்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் வண்டிப் புகையில் ஈயம் கலந்து வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குன்றச் செய்வது பின்னரே ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. இப்போது சுத்திகரிப்பு ஆலைகளில் மூலக்கூறுகளையே மாற்றியமைத்து ஆக்டேன் எண்ணை உயர்த்துகின்றனர். நேர்ச் சங்கிலியாக இருப்பவற்றைக் கிளை விட்டவையாகவும் வளையங்களாகவும் மாற்றுகின்றனர். இதற்கு வெப்பமும் வினையூக்கிகளும் செலவும் வேண்டும். ஆக்டேன் கூடக் கூட விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்டேன் என்பது எக்காலத்தும் இலவசமாகக் கிடைத்ததில்லை. ஒருகாலத்தில் அதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். தேவையில்லாத இடத்தில் அதனைச் செலவிடுவானேன்?

வண்டி தானே கேட்டுக்கொள்கின்றது

இன்றைய எஞ்சின்களில் தட்டலைக் கேட்கும் ஒரு 'காது' பொருத்தப்பட்டுள்ளது. அதனைத் தட்டல் உணரி எனலாம். நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் கேஸ் லைட்டரை அழுத்தினால் உள்ளே ஒரு படிகம் அடிபட்டு மின்பொறி எழுகின்றதல்லவா? அதே தத்துவந்தான். அதிர்வு பட்டால் மின்னழுத்தம் தோற்றுவிக்கும் படிகம் ஒன்று எஞ்சின் உடலில் திருகி வைக்கப்பட்டிருக்கும். தட்டலின் அதிர்வை அது உணர்ந்ததும் வண்டியின் கணினிக்குச் செய்தி போகும். கணினி உடனே தீப்பொறியைச் சற்றுத் தாமதித்துத் தெறிக்கச் செய்யும். தட்டல் அடங்கும். ஆனால் அவ்வேளையில் எஞ்சினின் ஆற்றலும் சிக்கனமும் சற்றுக் குறையும்.

இதிலிருந்து நம் கேள்விக்கான விடை தானே புலப்படுகின்றது. எஸ்.யு.வி.க்களை மூவகையாகப் பிரித்துக்கொள்வோம்.

முதல் வகை, 91 ஆக்டேன் போதும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டவை. டர்போ இல்லாத 1.2 லிட்டர், 1.5 லிட்டர் எஞ்சின் வண்டிகள் பெரும்பாலும் இவ்வகையின. சாதாப் பெட்ரோலில் இவை தட்டுவதில்லை. தட்டலே இல்லாத இடத்தில், தட்டலைத் தாங்கும் திறனுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதனால் பயனில்லை. கணினியும் தனக்குச் சொல்லிக்கொடுத்த எல்லையைத் தாண்டித் தீப்பொறியை முன்கூட்டித் தராது.

இரண்டாம் வகை, 'குறைந்தது 91. 95 சிறந்தது' எனக் குறிப்பிட்டவை. டர்போ எஞ்சின் வண்டிகள் பல இவ்வகையில் சேரும். டர்போ என்பது புகையின் விசையினாலேயே சுழன்று, காற்றை முன்னதாக நெருக்கி உள்ளே திணிக்கும் விசிறி. ஏற்கெனவே நெருக்கிய காற்றைப் பிஸ்டன் மேலும் அழுத்துவதால் தட்டல் எழும் வாய்ப்பு மிகுதி. இத்தகைய வண்டி சாதாப் பெட்ரோலில் ஓடும், கெட்டுப்போகாது. ஆனால் முழுச் சுமையில் கணினி அடிக்கடி தீப்பொறியைத் தாமதிக்க நேரும்.

மூன்றாம் வகை, 95 அல்லது அதற்கு மேல் கட்டாயம் என்று குறிப்பிட்டவை. விலையுயர்ந்த சில வண்டிகளே இவ்வகையின. இங்கே பேரம் பேச இடமில்லை. குறிப்பிட்ட எண்ணுக்குக் குறையாத பெட்ரோலையே ஊற்ற வேண்டும்.

உங்கள் வண்டி எவ்வகை என அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். அல்லது வண்டியுடன் தந்த கையேட்டைப் புரட்டுங்கள். வண்டியின் விலையும் உருவமும் இதைத் தீர்மானிப்பதில்லை, எஞ்சினே தீர்மானிக்கின்றது.

வெயிலும் மலையும்

நம் பயணத்துக்குத் திரும்புவோம். சித்திரை வெயில் நாற்பது டிகிரியில் காய்கின்றது. ஏழு பேர் ஏறியிருக்கிறார்கள், கூரைமேல் மூட்டைகள், உள்ளே ஏ.சி. ஓடுகின்றது. உசிலம்பட்டியும் ஆண்டிபட்டியும் தேனியும் கடந்து, போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டைஊசி வளைவுகள். தட்டலுக்கு இதைவிட வாய்ப்பான சூழல் கிடையாது.

உள்ளே நுழையும் காற்று 15 டிகிரியிலிருந்து 40 டிகிரியாக, அதாவது 25 டிகிரி கூடினால், அழுத்தி முடிக்கும்போது வேறுபாடு ஏறத்தாழ 56 டிகிரியாகப் பெருகிவிடும். ஆகவே ஒரே வண்டி, ஒரே பெட்ரோல், மார்கழிக் காலையில் அமைதியாக ஓடி, சித்திரை நண்பகலில் மலையேறும்போது முனகக்கூடும். இரண்டாம் வகை டர்போ வண்டி வைத்திருப்போர் இத்தகைய பயணத்துக்கு மட்டும் 95 ஆக்டேன் ஊற்றுவது அறிவுடைய செயலே. காளவாசலிலிருந்து மாட்டுத்தாவணிக்கும் திருநகருக்கும் போய்வருகின்ற அன்றாட ஓட்டத்துக்கு அது தேவைப்படாது.

மலையைப் பற்றி ஒரு வியப்பான செய்தியும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. சுமார் 2100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. டர்போ இல்லாத எஞ்சினுக்குள் அங்கே காற்று குறைவாகவே புகுவதால் தட்டலும் குறைகின்றது. ஆகவே தட்டலுக்கு அஞ்ச வேண்டிய இடம் குளிர்ந்த மலையுச்சியன்று. வெப்பமான மலையடிவார ஏற்றமே.

மலையேறும்போது ஓசை கேட்டால் ஓட்டுநர் உடனே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. மேல் கியரில் எஞ்சினைத் திணற விடாமல் கீழ்க் கியருக்கு மாற்றினால் தட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

எதனால் கலந்தபின் என்ன மாற்றம்?

முன்னாளில் சாதா, பிரீமியம் இரண்டுக்கும் ஆக்டேன் எண்ணில் தெளிவான இடைவெளி இருந்தது. எதனால் வந்தபின் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி முதலியவற்றிலிருந்து பெறும் எதனால் என்னும் சாராயத்தின் ஆக்டேன் எண் நூறுக்கும் மேல். அது ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்கின்றது. பெட்ரோலில் 20 விழுக்காடு எதனால் கலக்கும் இலக்கை 2025ஆம் ஆண்டில் இந்தியா எட்டியது. இக்கலவையை இ-20 என்பர். சாதாப் பெட்ரோலின் ஆக்டேன் எண் முன்பு 88 ஆக இருந்து, பி.எஸ்.-6 விதிகளின்படி 91 ஆகி, 20 விழுக்காடு எதனால் கலப்பினால் 95 ஆக உயர்ந்துள்ளது எனப் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது.

அப்படியாயின், 95 ஆக்டேன் என்று விற்கும் பிரீமியத்துக்கும் இ-20 சாதாப் பெட்ரோலுக்கும் தட்டலைத் தாங்குவதில் பெரிய வேறுபாடு இராது. எஞ்சியிருப்பது, பிரீமியத்தில் கலக்கும் துப்புரவுப் பொருள்களே. இவை எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் படியும் பிசினைக் கரைக்க உதவும். அது பயனுள்ள வேலைதான். ஆயினும் ஆக்டேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் வகை எஞ்சின்களில், உள்வாயில் வால்வுகளைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. ஆகவே அங்கே படியும் கரியை எந்தப் பெட்ரோலும் கழுவாது.

எதனாலுக்கு ஒரு குறையும் உண்டு. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால், அதில் உள்ள வெப்ப ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. ஆக்டேன் எண் கூடியும் ஆற்றல் குறைந்து நிற்கும் பொருளுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? மைலேஜ் சற்றுக் குறைவதற்கும், பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களைப் பற்றிய கவலைக்கும் எதனாலே காரணம். இக்கவலைக்குப் பிரீமியம் பெட்ரோல் மருந்தாகும் எனப் பலர் எண்ணுகின்றனர். பிரீமியம் என்ற பெயர் ஒன்றே எதனால் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பம்பின்மீது ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலை ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்கிற்காக லிட்டருக்கு 8 ரூபாய் வேறுபாடு என்று கொள்வோம். மாதம் 60 லிட்டர் ஊற்றும் குடும்பத்துக்கு மாதம் 480 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு 5,760 ரூபாய். ஐந்தாண்டுகளில் 28,800 ரூபாய். இந்தச் செலவு ஈடாக வேண்டுமாயின், சாதாப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில், மைலேஜ் 8 விழுக்காடு உயர வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி 16.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். 91 போதும் என்று வடிவமைத்த எஞ்சினில் இது நடவாத காரியம்.

இத்தகைய வீண் செலவு நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. ஏ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க வண்டி உரிமையாளர் சங்கம் 2016ஆம் ஆண்டில் ஆய்வு நடத்தியது. சாதாப் பெட்ரோலுக்கென வடிவமைத்த வண்டிகளில் பிரீமியத்தை ஊற்றிப் பார்த்தபோது ஆற்றல், மைலேஜ், புகை ஆகிய எதிலும் குறிப்பிடத்தக்க நன்மை தோன்றவில்லை. அவ்வாறு தேவையின்றி ஊற்றியதனால் அமெரிக்கர் ஓராண்டில் 210 கோடி டாலரை வீணாக்கினர் என்பது அச்சங்கத்தின் மதிப்பீடு.

பிறர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பங்கில், பம்பு தானாக நிற்கும் அளவுக்கு டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் பெரும்பாலும் தீர்ந்ததும் அதே முறையில் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். சாதாவில் மூன்று டேங்க், பிரீமியத்தில் மூன்று டேங்க் இவ்வாறு அளந்து சராசரி காணுங்கள். செல்லும் வழி, டயர்க் காற்று, ஏ.சி. பயன்பாடு ஆகியவை ஒன்றாக இருக்கட்டும். ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மாணவர்களுக்கு இது நல்லதொரு விடுமுறைப் பயிற்சி.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இதுவரை தட்டாமல் ஓடிய வண்டி, பெட்ரோல் ஊற்றியவுடன் தட்டத் தொடங்கினால், பிரீமியத்துக்குத் தாவுவதற்கு முன் கலப்படத்தை ஐயுறுங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் எண் சரிந்துவிடும். பங்கில் வடிதாள் சோதனை கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பம்பின் முனையிலிருந்து ஒரு துளியை வடிதாளில் விட்டால், தூய பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் கறையின்றி ஆவியாகிவிடும். கறை தங்கினால் ஐயத்திற்கு இடமுண்டு.

இப்போது காளவாசல் பங்கில் நிற்கும் உங்களிடம் அதே கேள்வி வருகின்றது: "நார்மலா, பவரா?" மூடியின் உட்புறம் 91 என்று எழுதியிருந்தால் சாதாப் பெட்ரோலையே கேளுங்கள். 95 சிறந்தது என்றிருந்தால், பம்பின்மீது உள்ள எண்ணையும் இன்றைய பயணத்தின் சுமையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். 95 கட்டாயம் என்றிருந்தால் அதற்குக் குறையாததை ஊற்றுங்கள். பின் இருக்கையில் உள்ள மாமனாருக்கு மட்டும் மறவாமல் ஒன்றைச் சொல்லுங்கள்: "இந்த வண்டி கேக்குறதே இதுதான் மாமா. மிச்சக் காசுக்கு மூணாறுல எல்லாருக்கும் டீ வாங்கலாம்."